சாரீரமே சரீரமான நடிகை

நம்முடைய சங்கீத ரசிகர்கள் பாடகர்களைப் பற்றிப் பேசும்போது சரீரம், சாரீரம் என்னும் இரண்டு சொற்களையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவது வழக்கம். சரீரம் கண்ணுக்குப் புலப்படுவது. சாரீரம் செவிக்கு மட்டுமே அகப்படுவது. நாடக மேடையில் நிற்பவருக்கு இரண்டும் வேண்டும். சினிமாவிலோ சரீர சௌந்தரியம் ஒன்றே பலருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவிலே தோன்றிச் செழித்து, ஒரு தலைமுறைக் காலத்துக்குள் மங்கியும் போன வானொலி நாடகம் என்னும் கலை, சரீரத்தை அடியோடு விலக்கிவிட்டுச் சாரீரம் ஒன்றையே முதலாக வைத்துக்கொண்டு, அழுகை, சிரிப்பு, அச்சம், அகந்தை ஆகிய அத்தனை பாவங்களையும் வெறும் குரலாலேயே உண்டாக்கிக் காட்ட வேண்டும் என்று தன் நடிகர்களைக் கேட்டது. அந்தக் கடினமான கேள்விக்கு மிகச் சிறந்த பதிலைச் சொன்னவர்களுள் ஒருவர் ஆக்னஸ் மூர்ஹெட் என்னும் நடிகை.

அவர் 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்திலுள்ள கிளின்டன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பிரெஸ்பிட்டீரியன் திருச்சபையின் பாதிரியார்; தாயார் பாடகி. குடும்பம் பின்னர் மிஸௌரி மாகாணத்து ஸெயின்ட் லூயிஸ் நகரில் குடியேறியது. மூன்று வயதுக் குழந்தையாகத் தந்தையின் தேவாலயத்தில் சபையோர் முன்னிலையில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஒப்புவித்ததுதான் அவருடைய முதல் அரங்கேற்றம். கோவிலுக்கு வந்துபோகும் மனிதர்களின் பேச்சையும் பாவனைகளையும் ஆக்னஸும் தங்கையும் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலே அப்படியே நடித்துக் காட்டுவார்கள். தாயார் அதைக் கண்டிப்பதற்குப் பதிலாக, இன்றைக்கு நீ யாராக இருக்கிறாய் என்று மகளைக் கேட்பாராம். பிரசங்க பீடத்திலிருந்து எழும் குரல் ஒரு கூட்டத்தை எப்படி ஆட்கொள்கிறது என்பதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு, வேறு குருகுலம் அந்த வயதில் தேவைப்படவில்லை.

மகள் நடிகையாவதற்குத் தந்தை குறுக்கே நிற்கவில்லை. ஆனால் முதலில் முறையான படிப்பு வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். ஆகவே ஒஹாயோ மாகாணத்து மஸ்கிங்கம் கல்லூரியில் உயிரியல் படித்து, 1923-இல் பட்டம் பெற்று, விஸ்கான்ஸின் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில் சில ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து, அதன்பிறகே நியூயார்க் நகரத்து நாடகக் கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே தேர்ச்சி பெற்று வெளியே வந்த ஆண்டு 1929. அமெரிக்காவின் பங்குச்சந்தை சரிந்து, பெருமந்தம் தேசத்தின் மேல் கவிந்த ஆண்டும் அதுவே. நாடகக் கொட்டகைகளில் வேலை அரிதாயிற்று. ஒரு சமயம் நான்கு நாள் உணவின்றி இருக்க நேர்ந்ததாகவும், ஒரு டாலரின் மதிப்பு இன்னதென்று அப்போதுதான் தெரிந்துகொண்டதாகவும் அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

கொட்டகைகள் கைவிட்ட அந்த நடிகையை ஏற்றுக்கொண்டது வானொலி. பெருமந்தத்தின் காலத்தில் டிக்கெட் வாங்கிக் கொட்டகைக்குப் போக முடியாத குடும்பங்களுக்கும், ஒரு முறை பணம் கொடுத்து வாங்கிய வானொலிப் பெட்டி நாள்தோறும் காசின்றிக் கதை சொல்லியது. 1940-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்போது அமெரிக்க வீடுகளில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவற்றில் வானொலி இருந்தது. பகலில் வீட்டுப் பெண்களுக்காக ஒலிபரப்பான தொடர் நாடகங்களுக்குச் சோப்புக் கம்பெனிகள் பணம் கொடுத்தன. இன்று தொலைக்காட்சித் தொடர்களையும் 'சோப்' என்று அங்கே அழைப்பதற்கு மூலகாரணம் அதுதான். மாலையிலும் இரவிலும் துப்பறியும் கதைகள், ஹாஸ்ய நாடகங்கள், புகழ்பெற்ற நாவல்களின் சுருக்கங்கள் என்று நேரம் நிரம்பி வழிந்தது.

இந்த நாடகங்கள் நடந்த விதத்தை அறிந்தால்தான் அந்தக் கலைஞர்களின் திறமையை எடைபோட முடியும். பெரிய நிறுவனங்கள் அக்காலத்தில் முன்கூட்டிப் பதிவு செய்த நாடகங்களை ஒலிபரப்புவதை விரும்பவில்லை. எல்லாம் நேரடியாகவே நடைபெற்றன. கையில் எழுத்துப் பிரதியைப் பிடித்துக்கொண்டு, தாள் புரளும் சத்தம்கூடக் கேட்காதபடி ஒவ்வொரு பக்கத்தையும் நழுவவிட்டு, ஒலிவாங்கிக்கு அண்மையிலும் சேய்மையிலும் தேவைக்கேற்ப நகர்ந்து, ரகசியத்தை ரகசியமாகவும் கூக்குரலைக் கூக்குரலாகவும் அதற்குள் செலுத்த வேண்டும். அறையின் மற்றொரு மூலையில் ஒலிக்கலைஞர் தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டிக் குதிரைகளை ஓடவிடுவார். மெல்லிய காகிதத்தைக் கசக்கித் தீயை மூட்டுவார். நியூயார்க்குக்கும் பசிபிக் கரைக்கும் கடிகாரத்தில் மூன்று மணி நேர வித்தியாசம் இருந்தபடியால், பல நிகழ்ச்சிகளை மேற்குக்கரை நேயர்களுக்காக அதே இரவில் முதலிலிருந்து மறுபடியும் நடிக்க வேண்டியிருந்தது. தவறினால் திருத்திக்கொள்ள வழியில்லை. வாயிலிருந்து புறப்பட்ட சொல் அந்தக் கணமே லட்சக்கணக்கான வீடுகளுக்குள் புகுந்துவிடும்.

மூர்ஹெட் இந்தத் தொழிலில் ஒரு குரலுக்குள்ளே பல மனிதர்களை வைத்திருந்தார். நாட்டு நடப்பை நாடகமாக்கி ஒலிபரப்பிய 'தி மார்ச் ஆஃப் டைம்' நிகழ்ச்சியில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவி எலியனார் அம்மையார் பேசுவதுபோலப் பேசினார். 1937-இல் 'தி ஷாடோ' என்ற மர்மத் தொடரில், இருபத்திரண்டே வயதான நடிகர் ஆர்ஸன் வெல்ஸுக்கு இணையாக மார்கோ லேன் என்ற பாத்திரத்தை ஏற்றார். அந்தத் தொடரின் கதாநாயகன் மனிதர்களின் சித்தத்தை மயக்கித் தன்னைக் காணாதபடி மறைத்துக்கொள்ளும் வல்லமை பெற்றவன். பாத்திரங்களாலும் காண முடியாத, நேயர்களாலும் காண முடியாத ஒருவன் வந்து நிற்கிறான் என்பதை, உடனிருக்கும் பெண்ணின் மூச்சிலும் குரலின் நடுக்கத்திலுமே கேட்பவர் உணர வேண்டியிருந்தது. வெல்ஸ் மெர்க்குரி தியேட்டர் என்ற குழுவை அமைத்து, 1938-இல் அதை வானொலிக்கும் கொண்டுவந்தபோது, மூர்ஹெட்டும் அந்தக் குழுவின் தூண்களில் ஒருவராக விளங்கினார்.

அந்தக் குழுவோடுதான் அவர் ஹாலிவுட்டுக்குப் போனார். கதாநாயகிக்கென்று படமுதலாளிகள் வகுத்துவைத்திருந்த அழகின் இலக்கணத்துக்குள் அடங்காத கூர்மையான முகம் அவருடையது, வயதும் நாற்பதாகியிருந்தது. ஆயினும் 1941-இல் வெளிவந்த 'ஸிட்டிஸன் கேன்' படத்தில், பனி கொட்டும் கொலராடோ பிரதேசத்தில், தன் சிறுவனை அந்நியர் பொறுப்பில் ஒப்படைக்கும் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்து அவனைக் கூப்பிடும் தாயாக வந்த சில நிமிஷங்களை, படத்தைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. மனத்தின் கொந்தளிப்பையெல்லாம் அடக்கிக்கொண்டு, ஒரு பெயரைச் சொல்லி அழைப்பதிலேயே ஒரு தாயின் ஆயுட்காலத் துயரத்தை வைக்க முடிந்ததென்றால், அது வானொலி கொடுத்த வித்தை என்றே நான் கருதுகிறேன். மறு ஆண்டில் 'தி மாக்னிஃபிஸன்ட் ஆம்பர்ஸன்ஸ்' படத்தில், மணமாகாமல் உறவினர் வீட்டில் வாடும் அத்தை ஃபானியாக நடித்து, நியூயார்க் விமரிசகர்களின் சிறந்த நடிகைப் பரிசைப் பெற்றார். ஆஸ்கர் பரிசுக்கு அவர் பெயர் நான்கு முறை முன்மொழியப்பட்டது. பரிசு மட்டும் கடைசிவரை கிட்டவில்லை.

ஆயினும் அவருடைய கலையின் சிகரம் திரைப்படத்தில் இல்லை. 1943-ஆம் ஆண்டு மே 25-ஆம் தேதி இரவு, ஸி.பி.எஸ். நிறுவனத்தின் 'சஸ்பென்ஸ்' என்ற அரைமணி நிகழ்ச்சியில், லூஸில் ஃப்ளெச்சர் என்னும் எழுத்தாளர் இயற்றிய 'ஸாரி, ராங் நம்பர்' என்ற நாடகம் முதன்முறையாக ஒலிபரப்பாயிற்று. நோயாளியான ஒரு பணக்காரச் சீமாட்டி நியூயார்க்கில் தன் படுக்கையறையில் தனியே கிடக்கிறாள். கணவன் இன்னும் வீடு திரும்பவில்லை. அவனுடைய அலுவலகத்துக்கு டெலிபோன் செய்கிறாள். இணைப்பு மாறிப்போய், யாரோ இரண்டு ஆண்கள் பேசிக்கொள்வது அவள் காதில் விழுகிறது. அன்றிரவு பதினொன்றே காலுக்கு, பாலத்தின்மேல் ரயில் போகும் இரைச்சலில் கூக்குரல் அமுங்கிவிடும் சமயம் பார்த்து, ஒரு பெண்ணைக் கொல்ல அவர்கள் திட்டமிடுகிறார்கள். அவள் டெலிபோன் ஆப்பரேட்டரைக் கேட்கிறாள், போலீஸை அழைக்கிறாள், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸை வரவழைக்கப் பார்க்கிறாள். ஒவ்வொருவரும் தத்தம் உத்தியோக விதிகளின்படி மரியாதையாகப் பதில் சொல்கிறார்களே ஒழிய, ஒருவரும் உதவவில்லை. கொல்லப்படப் போகிறவள் யார் என்பது நமக்குப் புரியத் தொடங்குகிறது, அவளுக்கும் புரிகிறது. மணி நெருங்குகிறது.

கதையின் அமைப்பைக் கவனித்தால் இது வானொலிக்காகவே பிறந்தது என்பது விளங்கும். டெலிபோனில் பேசுகிறவருக்கும் வானொலி கேட்கிறவருக்கும் ஒரே கதிதான்: இருவருமே எதிரில் இருப்பவரைக் காண முடியாமல் குரலை மட்டும் நம்ப வேண்டியவர்கள். எண் சுழலும் ஓசை, மணி அடிக்கும் ஓசை, இணைப்புக் கிடைக்காத ஓசை ஆகியவற்றினிடையே ஏறக்குறைய முழு நாடகத்தையும் மூர்ஹெட்டின் ஒற்றைக் குரல் சுமக்கிறது. ஆரம்பத்தில் அந்தக் குரல் நம்மிடம் அநுதாபத்தைத் தேடவில்லை. அதிகாரமும் சிடுசிடுப்பும் தன் நோயைப் பற்றிய ஓயாத புலம்பலுமாக, இப்படிப்பட்டவளோடு குடும்பம் நடத்துகிறவன் பாடு என்ன ஆகும் என்று நினைக்கும்படியே அவர் அவளைச் சித்திரிக்கிறார். பிறகு அந்த அகந்தை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. கட்டளை கெஞ்சலாகிறது, கெஞ்சல் விம்மலாகிறது, இறுதியில் எஞ்சுவது உயிர்ப்பயம் ஒன்றுதான். வெறுப்புடன் கேட்கத் தொடங்கிய நாம், அவளைக் காப்பாற்ற ஒருவரும் இல்லையா என்று பதறும் நிலைக்கு வந்துவிடுகிறோம். நேயரின் மனத்தை இருபத்தைந்து நிமிஷங்களுக்குள் இப்படித் திருப்பியதை மகத்தான நடிப்பு என்றே சொல்ல வேண்டும்.

முதல் ஒலிபரப்பின் இறுதியில் சக நடிகர் ஒருவர் பேச வேண்டிய கணத்தைத் தவறவிட்டதால், கதை எப்படி முடிந்தது என்பது பலருக்குத் தெளிவாகவில்லை. ஆயினும் நேயர்களின் ஆவல் அடங்கவில்லை. அதே ஆகஸ்டில் நாடகம் மீண்டும் நடிக்கப்பட்டது. 1960-ஆம் ஆண்டுவரை 'சஸ்பென்ஸ்' நிகழ்ச்சியில் மூர்ஹெட் அந்தச் சீமாட்டியாக எட்டு முறை தோன்றினார். 1948-இல் இதே கதை திரைப்படமானபோது அந்த வேடம் பார்பரா ஸ்டான்விக்குக்குப் போயிற்று. அவரும் சிறந்த நடிகையே, ஆஸ்கருக்கும் முன்மொழியப்பட்டார். ஆனால் படம் அறையையும் படுக்கையையும் கண்ணுக்குக் காட்டிவிட்டது. வானொலியிலோ அந்த அறையைக் கேட்பவர் ஒவ்வொருவரும் தத்தம் பயத்தைக் கொண்டே கட்டிக்கொண்டார்கள்.

தொலைக்காட்சி வந்தபின் வானொலி நாடகங்களுக்கு வருவாய் குன்றியது, நடிகர்கள் கலைந்தார்கள். 1962-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி 'சஸ்பென்ஸ்' கடைசி முறையாக ஒலித்தது. அமெரிக்க வானொலி நாடகத்தின் பொற்காலம் அன்றோடு முடிந்ததாகச் சரித்திரக்காரர்கள் கணக்கிடுகிறார்கள். அதற்கு முன்பே மூர்ஹெட் வேறு வழிகளில் தம் கலையைக் கொண்டுசென்றிருந்தார். 1951-இல் நடிகர் சார்ல்ஸ் லாட்டன் முதலியோருடன் பெர்னார்ட் ஷாவின் 'டான் ஹுவான் இன் ஹெல்' என்னும் நாடகப் பகுதியை, காட்சி ஜோடனைகள் ஏதுமின்றி, மேடையில் அமர்ந்தபடி வாசித்தே ஊர் ஊராகக் கூட்டத்தைக் கவர்ந்தார். 1961-இல் 'தி ட்விலைட் ஸோன்' என்ற தொலைக்காட்சித் தொடரில், அந்நிய உலகிலிருந்து வந்தவர்களை எதிர்த்துப் போராடும் ஏழைக் குடியானவப் பெண்ணாக, ஒரு சொல்கூடப் பேசாமல் முழுக் கதையையும் நடித்தார். குரலாலேயே வாழ்ந்தவர் குரலின்றியும் அதே சக்தியோடு விளங்கியது, சாரீரப் பயிற்சி என்பது தொண்டையோடு நின்றுவிடுவதன்று என்பதற்குச் சாட்சி. 1964 முதல் 1972 வரை 'பிவிட்ச்ட்' தொடரில் எண்டோரா என்ற சூனியக்காரத் தாயாக வந்து, உலகம் முழுவதும் குழந்தைகளுக்கும் அறிமுகமானார். இன்று பலர் அவரை நினைவில் வைத்திருப்பது அந்த வேடத்தால்தான். அது அவருடைய திறமையில் சிறு பங்குதான் என்பதை வானொலிப் பதிவுகளைக் கேட்டவர்கள் அறிவார்கள்.

1974-ஆம் ஆண்டு தொடக்கத்தில், வானொலி நாடகத்துக்கு மீண்டும் உயிரூட்ட எண்ணிய ஸி.பி.எஸ். நிறுவனம், 'மிஸ்டரி தியேட்டர்' என்ற புதிய நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. ஜனவரி 6-ஆம் தேதி, அதன் முதல் இரவில், முதல் நாடகத்தின் நாயகியாக ஒலித்தது மூர்ஹெட்டின் குரல். அப்போது அவரைப் புற்றுநோய் பற்றியிருந்தது. நியூயார்க்கில் நடித்துக்கொண்டிருந்த மேடை நாடகத்தை உடல்நலக் குறைவால் விட்டு விலக நேர்ந்தது. கால்கள் மேடையைத் தாங்காதபோதும் குரல் ஒரு நாடகத்தைத் தாங்கியது. அதே ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி மின்னஸோட்டா மாகாணத்து ராச்செஸ்டரில் அவர் காலமானார். ஒஹாயோவின் டேட்டன் நகரத்துக் கல்லறையில் அவருடைய சரீரம் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. 1943-ஆம் ஆண்டு மே மாதத்து இரவில் ஒலித்த அவருடைய சாரீரத்தை, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசம் என்றென்றும் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்து வைத்திருக்கிறது.