மண்ணுக்குள் கிடந்த இரும்புக்கு வயது என்ன?

ரூஜ் ஆற்றுக்கு அண்மையில், ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில் வாழும் எம்மவர் குடும்பமொன்றின் வீட்டிற்கு வசந்தகாலச் சனிக்கிழமையொன்றில் நாம் சென்றிருந்தோம். பின்வளவில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பாத்தி கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. மண்வெட்டி எதிலோ பட்டு 'ணங்' என்று ஒலித்தது. மறுகணமே, படியில் அமர்ந்திருந்த அம்மம்மா எழுந்தோடி வந்து, எட்டு வயதுப் பேரனைத் தோளில் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். "தொடாதை, தள்ளி நில்!" என்ற அவரது குரலில் இருந்த பதற்றம் பையனுக்கு விளங்கவில்லை. எமக்கு விளங்கியது. அவர் முல்லைத்தீவிலிருந்து வந்தவர். நிலத்துக்குள் இரும்பு என்றால் அவர் அறிந்த பொருள் ஒன்றுதான்.

மருமகன் மண்ணைத் தட்டி அதனை வெளியே எடுத்தார். உள்ளங்கையளவு நீளமான தட்டை இரும்பு. பிறை போல வளைந்திருந்தது. ஓரத்தில் சில துளைகள். கதவுப் பிணைச்சல் என்றார் ஒருவர். கலப்பையின் துண்டு என்றார் மற்றொருவர். அதுவரை பேசாதிருந்த அம்மம்மா அதனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது மாட்டு லாடன். பாதிதான் இருக்கு."

"கனடாவிலை ஆர் மாமி மாட்டுக்கு லாடன் அடிச்சது?" என்று மருமகன் சிரித்தார்.

"குதிரைக்கு ஒற்றைத் துண்டு. குளம்பு பிளந்த மாட்டுக்கு இரண்டு துண்டு. இது இரண்டிலை ஒண்டு" என்றார் அவர், சற்றும் தயங்காமல்.

அவர் சொன்னது சரியே. வில்லியம் பேர்சி என்பவரின் தலைமையில் ஜேர்மன் குடியேறிகள் மார்க்கம் பகுதிக்கு வந்த ஆண்டு 1794. காடு வெட்டவும், அடிமரம் இழுக்கவும், முதல் உழவு உழவும் இப்பகுதியின் ஆரம்பக் குடியேறிகள் பெரிதும் நம்பியிருந்தது எருதுகளையே. அவற்றின் பிளந்த குளம்புக்கு இரண்டு துண்டு லாடமே பொருந்தும். எமது ஊர் வண்டில் மாடுகளுக்கு அடிக்கப்பட்டதும் அதே வடிவந்தான். ரொறன்ரோவில் மண்ணிலிருந்து வந்த பொருளை, முல்லைத்தீவின் வயல்வெளியில் பெற்ற அறிவு அடையாளங் கண்டது.

பொருள் இன்னதென்று தெரிந்துவிட்டது. அடுத்துப் பையன் கேட்ட கேள்வி: "இதுக்கு எத்தினை வயசு, அம்மம்மா?" அதற்கு அவரிடம் விடையில்லை. அக்கேள்விக்கு விடை காண்பது எப்படி என்பதையே இங்கு எமது வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

கறளை நம்பலாகாது

மிகவும் கறள் பிடித்திருந்தால் மிகவும் பழையது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அது தவறு. இரும்பு கறள் பிடிக்கும் வேகத்தைத் தீர்மானிப்பவை நீரும் காற்றும் உப்புமே. உப்பும் ஈரமும் உள்ள மண்ணில் சில பத்தாண்டுகளிலேயே ஓர் ஆணி உருக்குலைந்து போகலாம். காற்றுப் புகாத களிமண்ணில் பல நூற்றாண்டுகள் கிடந்த ஆணி வடிவங் குலையாமல் வெளிவரலாம்.

காலத்தை அறிய உதவும் முதலாவது சான்று செய்முறையாகும். ஆணியை எடுத்துக்கொள்வோம். கொல்லன் கம்மாலையில் அடித்த ஆணி நான்கு பக்கமும் நுனியை நோக்கிச் சிறுத்துச் செல்லும்; தலையில் சுத்தியல் அடித்த முகங்கள் தெரியும். 1790 களில் தகட்டிலிருந்து இயந்திரத்தால் ஆணி வெட்டும் முறை தோன்றியது. அவ்வாறு வெட்டிய ஆணி இரண்டு பக்கம் மட்டுமே சிறுத்திருக்கும். மற்ற இரண்டு பக்கமும் சமாந்தரமாக இருக்கும். 19 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வட அமெரிக்க வீடுகளைத் தாங்கி நின்றவை இவையே. இன்று நாம் கடையில் வாங்கும் உருண்டைக் கம்பி ஆணி 1880 களுக்குப் பின்னரே பெருவழக்காயிற்று. ஆகவே, ஒரு பழைய வீட்டின் அத்திவாரத்தில் அகப்படும் ஒரு பிடி ஆணி, அவ்வீடு எந்தத் தலைமுறையில் எழுந்தது என்பதை ஓரளவு சொல்லிவிடும்.

இரண்டாவது சான்று செய்தவரின் பெயர் அல்லது குறி. வன்னி வயல்களில் உழுத சிவப்பு மசி பேர்குசன் உழவு இயந்திரத்தை எம்மவரில் அறியாதவர் யார்? அந்தப் பெயரின் முற்பகுதி ஒன்ராறியோவுக்கு உரியது. டானியல் மசி என்பவர் 1847 இல் நியூகாசில் என்ற ஊரில் விவசாயக் கருவிகள் செய்யத் தொடங்கினார். அவரது நிறுவனம் 1879 இல் ரொறன்ரோவுக்கு இடம்பெயர்ந்து, 1891 இல் ஹரிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. எனவே 'மசி-ஹரிஸ்' என்று வார்க்கப்பட்ட இரும்புத் துண்டொன்று ரூஜ் பகுதியின் பழைய பண்ணை நிலத்தில் அகப்படுமானால், அது 1891 இற்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. குறி சொல்வது முன்னெல்லையை மட்டுமே. பொருள் செய்யப்பட்ட ஆண்டு வேறு. அது மண்ணில் விழுந்த ஆண்டு வேறு. தகப்பன் வாங்கிய கோடரியைப் பேரன் தொலைத்திருக்கலாம்.

ஒரு கோடரித் துண்டு தந்த பாடம்

இவ்வெச்சரிக்கை எவ்வளவு பெறுமதியானது என்பதை ரூஜ் பகுதிக்கு வடக்கேயுள்ள ஸ்ரோவில் நகரில் நிகழ்ந்த ஆய்வு காட்டுகின்றது. அங்கு புதிய குடியிருப்புகள் அமைக்கப்படுமுன் 2003 தொடக்கம் 2005 வரை அகழ்வு நடைபெற்றது. வென்டாற் மக்களின் முன்னோர் வாழ்ந்த பேரூர் ஒன்று அங்கு வெளிப்பட்டது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நெடுவீடுகளின் தடயங்கள் அதில் இருந்தன. முதலில் மான்ரில் என்று அழைக்கப்பட்ட அவ்விடம், இன்று ஜோன்-பப்ரிஸ்ற் லெனே என்ற வென்டாற் போர்வீரரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நெடுவீடு ஒன்றில் அடித்துச் செய்யப்பட்ட இரும்புக் கோடரியின் துண்டு ஒன்று கிடைத்தது. ஐரோப்பியர் வருமுன் இப்பகுதி மக்கள் இயற்கைச் செம்பை அடித்துப் பொருள்கள் செய்தனர். இரும்பு உருக்கும் வழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை. ஆகவே அந்தத் துண்டு கடல் கடந்து வந்ததாகவே இருக்க வேண்டும். அதிலிருந்த செய்தவரின் குறி, வட ஸ்பெயினின் பாஸ்க் நாட்டைச் சுட்டியது. பாஸ்க் மக்கள் 16 ஆம் நூற்றாண்டில் லாப்ரடோர்க் கரையில் திமிங்கில வேட்டை நடத்தியவர்கள். அங்கிருந்து அக்கோடரி கைமாறிக் கைமாறி உள்நாட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

அவ்வூர் 1500 இற்கும் 1530 இற்கும் இடைப்பட்டது என்று முதலில் கருதப்பட்டமையால், இக்கோடரி பெருவியப்பை ஏற்படுத்தியது. ஐரோப்பியர் இப்பகுதியில் காலடி வைப்பதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவர்களது இரும்பு வந்துவிட்டதா என்ற கேள்வி எழுந்தது. 2012 இல் இதுபற்றி ஒரு விவரணப்படமும் வெளியாயிற்று.

ஆனால் 2018 இல் கதை மாறியது. ஒரே சமூகம் அடுத்தடுத்துக் குடியிருந்ததாகக் கருதப்படும் டிரேப்பர், ஸ்பாங், மான்ரில் ஆகிய ஊர்களும் வேறு இடங்களும் மீண்டும் ஆராயப்பட்டன. 86 கதிரியக்கக் காபன் அளவீடுகள் இதற்குப் பயன்பட்டன. இம்மூன்று ஊர்களின் வரிசை 1450 இலிருந்து 1550 வரையிலானது என்பதே அதுவரை வழங்கிய கணிப்பு. புதிய அளவீடுகள் அதனை ஏறத்தாழ 1530 இலிருந்து 1615 வரையிலான காலத்திற்கு நகர்த்தின. வரிசையில் கடைசி ஊரான மான்ரில் 1600 ஆம் ஆண்டை அண்டி வந்தது. அவ்வாறாயின் அங்கு பாஸ்க் கோடரி இருந்ததில் வியப்பு அதிகம் இல்லை.

பழைய கணிப்பு எங்கே தவறியது? ஐரோப்பியப் பொருள்கள் அரிதாக இருக்கும் ஊர் பழையது. மிகுதியாக இருக்கும் ஊர் பிந்தியது என்ற எடுகோளே காரணம். எல்லா ஊர்களுக்கும் வணிகப் பொருள்கள் ஒரே வேளையில், ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை. இரும்பு இல்லாமையைக் கொண்டு பழைமையை நிறுவ முற்பட்டால் இவ்வாறுதான் முடியும்.

அந்த வென்டாற் மக்களும் போரினால் சிதறுண்டவர்கள் என்பதை எமது வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. 1649 இலும் 1650 இலும் தமது தாயகமான ஒன்ராறியோவை விட்டு அவர்கள் வெளியேற நேர்ந்தது. அவர்களின் ஒரு பகுதியினரின் வழித்தோன்றல்கள் இன்று கியூபெக் நகருக்கு அருகே வென்டாக்கே என்னும் இடத்தில் வாழ்கின்றனர். ஸ்ரோவில் மண் அவர்களது முதுசொம்.

இரும்பையே அளக்க முடியுமா?

முடியும், ஆனால் எப்போதும் அல்ல. உருக்கில் சிறிதளவு காபன் உண்டு. மரக்கரியால் உருக்கப்பட்ட இரும்பாயின், அக்காபன் வெட்டிய மரத்திலிருந்து வந்தது. எனவே மரத்தின் காலத்தை அது சொல்லும். நிலக்கரியால் உருக்கப்பட்டதாயின், கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைய காபனே அதில் இருக்கும், அளவீடு பயன்படாது. 1960 களில் இம்முறை வளர்க்கப்பட்டபோது பெருமளவு இரும்பை அழிக்க வேண்டியிருந்தது. பின்னர் வந்த கருவிகளுக்குச் சிறிய துண்டு போதுமாயிற்று. ஆயினும் பழைய இரும்பை மீண்டும் உருக்கிப் புதிய கருவி செய்திருந்தால் விடை பிழைத்துவிடும்.

ஆகவே, பெரும்பாலான ஆய்வுகளில் அளக்கப்படுவது இரும்பு அன்று; அதனோடு ஒரே படையில் கிடந்த கரித்துண்டு, தானியம், மட்பாண்டம் ஆகியவையே. தமிழ்நாட்டின் சிவகளை பற்றி எம்மவர் பெருமையுடன் பேசிக்கொள்கின்றனர். 2025 ஜனவரி 23 அன்று தமிழக முதல்வர் மு.க. ஸ்ராலின் வெளியிட்ட அறிக்கை, அங்குள்ள ஈமத்தாழி ஒன்றின் கரித்துண்டுக்கு கி.மு. 3345 என்ற காலத்தைத் தந்தது. 2022 இல் மயிலாடும்பாறைக்கு கி.மு. 2172 என்று அறிவிக்கப்பட்டிருந்தது. பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் அளக்கப்பட்டது இரும்புடன் தொடர்புடைய கரி என்பதையும், அக்கரியும் இரும்பும் ஒரே வேளையில் அங்கு சேர்ந்தன என்பதை அகழ்ந்தோரின் பதிவே உறுதிசெய்ய வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. ஸ்ரோவில் கோடரி தந்த பாடம் எமக்கும் உரியது.

ஈழத்திலும் இதே நிலைதான். 1980 இல் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது. அது பேசப்படுவதற்குக் காரணம், எலும்புக்கூட்டுடன் கூடிய ஈமக்குழியில் அது கிடந்த நிலை பதிவாகியமையே. அதே முத்திரை ஒரு பழைய சாமான் கடையில் அகப்பட்டிருந்தால், ஆய்வாளர் ஐயத்துடனேயே அதனை நோக்கியிருப்பர்.

இடமிழந்த பொருள்

அகதி விசாரணைக்குச் சென்ற எம்மவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். எங்கே பிறந்தீர், எங்கே இருந்தீர், யார் சாட்சி என்று கேட்கப்படும்போது கையில் ஒரு துண்டுக் கடிதமும் இல்லாதவர் படும் பாடு எமக்குத் தெரியும். இடத்திலிருந்து பிடுங்கப்பட்ட பொருளின் நிலையும் அதுவே. அது பொய் சொல்லவில்லை. ஆனால் அதன் உண்மையை நிறுவ எவரும் இல்லை.

ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா 2015 இல் சட்டப்படி அமைந்தது. ரூஜ் ஆற்றங்கரையில் 17 ஆம் நூற்றாண்டுச் செனெக்கா ஊரொன்றின் எச்சங்கள் உள்ள பீட் ஹில், 1991 இல் தேசிய வரலாற்று இடமாக அறிவிக்கப்பட்டது. ஞாயிறுகளில் பிள்ளைகளுடன் அங்கு நடக்கச் செல்வோர், காணும் பொருளை எடுத்துவரலாகாது. ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டமும், தொல்லியல் இடங்களை அனுமதிப்பத்திரமின்றித் தோண்டுவதையும் அங்கிருந்து பொருள் அகற்றுவதையும் தடைசெய்கின்றது.

சொந்த வளவில் பழைய இரும்பு அகப்பட்டால் தோண்டுவதை நிறுத்துங்கள். அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் பிடியுங்கள். எவ்வளவு ஆழத்தில், வேலியிலிருந்து எத்தனை அடியில், வேறு எதனோடு கிடந்தது என்று எழுதுங்கள். கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள். குறி இருந்தால் கறளோடு அதுவும் போய்விடும். ஆய்வாளர் எக்ஸ்-கதிர் கொண்டு கறளுக்கு உள்ளே பார்ப்பர். பின்னர் உள்ளூர் அருங்காட்சியகத்திடமோ தொல்லியலாளரிடமோ கேளுங்கள். மனித எலும்பு தென்பட்டால் உடனே பொலிசாருக்கு அறிவியுங்கள்.

ஊருக்குச் செல்வோருக்கு அம்மம்மாவின் சொல்லே எமது சொல்லும்: தொடாதீர்கள், தள்ளி நில்லுங்கள். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அது விதைத்துச் சென்ற இரும்பு அன்றோடு நிலத்தைவிட்டுப் போய்விடவில்லை.

நாம் விடைபெறும்போது பையன் அந்த லாடத்தைக் கொப்பி ஒன்றின் தாளில் வைத்துச் சுற்றிவரக் கோடு கீறிக்கொண்டிருந்தான். எந்த மூலையில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று தகப்பன் சொல்லச் சொல்ல எழுதினான். மற்றப் பாதியும் அயலில்தான் கிடக்கும் என்று அம்மம்மா மீண்டும் சொன்னார். அதனைத் தேடித் தோண்டுவதில்லை என்று முடிவாயிற்று. கத்தரிப் பாத்தி மூன்றடி தள்ளிக் கட்டப்பட்டது.