இடிபாட்டினிடையே எழுந்த கலை: கோட்ஃபிரீட் போம்

கட்டுதல் ஒரு கலை. இடிந்ததன் அருகில் கட்டுதல் அதனினும் அரிய கலை. பழையதை முற்றிலும் அகற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது ஒரு வழி. பழையது போலவே மீண்டும் எழுப்பி, அழிவே நேரவில்லை என்று காட்டுவது மற்றொரு வழி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செர்மானிய நகரங்களின் முன் இவ்விரு வழிகளும் இருந்தன. எஞ்சியதைப் போற்றி, அதனோடு புதியதைப் பிணைக்கும் மூன்றாவது வழியைத் தேர்ந்தவர் கட்டடக் கலைஞர் கோட்ஃபிரீட் போம். நூற்றியோர் ஆண்டுகள் வாழ்ந்த அப்பெருமகனாரின் வாழ்வும் பணியும் நாம் அறியத்தக்கன.

பிறப்பும் பயிற்சியும்

போம் 1920ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள், மைன் ஆற்றங்கரையிலுள்ள ஆஃபன்பாக் நகரில் பிறந்தார். தந்தை டொமினிக்குஸ் போம் தேவாலயங்கள் கட்டுவதில் பெரும்புகழ் பெற்றவர். 1942 முதல் 1946 வரை மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடக் கலை கற்ற மைந்தர், அந்நகரின் நுண்கலைக் கழகத்தில் சிற்பமும் பயின்றார். பிற்காலத்தில் அவர்தம் கட்டடங்கள் ஒரே கல்லில் செதுக்கியவை போல் தோன்றியமைக்கு இப்பயிற்சியே அடிப்படை எனலாம். 1948இல் கட்டடக் கலைஞரான எலிசபெத் அம்மையாரை மணந்தார். நான்கு ஆண்மக்களுள் ஸ்டெஃபன், பீட்டர், பால் ஆகிய மூவரும் தந்தையின் தொழிலையே மேற்கொண்டனர்.

சாம்பலிடையே ஒரு சிற்றாலயம்

போரில் கொலோன் நகரின் நடுப்பகுதி ஏறத்தாழ முழுவதுமே வான்தாக்குதலால் அழிந்தது. அங்கிருந்த புனித கொலும்பா தேவாலயமும் இடிந்து வீழ்ந்தது. ஆயினும் அதன் தூணொன்றில் இருந்த மரியன்னை சிலை மட்டும் தப்பி நின்றது. நம்பிக்கை இழந்திருந்த மக்களுக்கு அச்சிலை ஆறுதலின் அடையாளமாயிற்று. அச்சிலைக்கு ஒரு சிற்றாலயம் அமைக்கும் பணி இளைஞர் போமிடம் வந்தது.

அவர் இடிபாட்டை அகற்றவில்லை. எஞ்சியிருந்த கோபுரத்தின் அடிப்பகுதியையே ஆலயத்தின் முற்பகுதியாக்கினார். சிலைக்கு எண்கோண வடிவில், கூடாரம் போன்ற கண்ணாடி மண்டபம் சமைத்தார். 1950இல் நிறைவுற்ற அவ்வாலயம் 'இடிபாடுகளில் அன்னை' என வழங்கப்பட்டது. 2007இல் அவ்விடத்தில் சுவிட்சர்லாந்துக் கலைஞர் பீட்டர் சும்தோர் கட்டிய அருங்காட்சியகம், அச்சிற்றாலயத்தைத் தன்னுள் அடக்கிக் காக்கின்றது. போம் பழையதற்குச் செய்த மரியாதையைக் காலம் அவருக்கும் செய்தது.

ஏளனமும் ஏற்றமும்

1960களில் பென்ஸ்பெர்க் என்னும் ஊரில் நகர மன்றக் கட்டடம் அமைக்கும் வாய்ப்பு வந்தது. இடைக்காலக் கோட்டையொன்றின் மதில்களும் கோபுரங்களும் அங்கே எஞ்சியிருந்தன. போம் அவற்றை அப்படியே நிறுத்தி, இடைவெளியைக் கான்கிரீட்டால் நிரப்பினார். பழைய கோபுரங்களுக்குத் துணையாகக் கோணல்மாணலான புதிய கோபுரமொன்றும் எழுந்தது. ஊரார் அதனைக் 'குரங்குப் பாறை' என்று நகைத்தனர். இன்றோ அஃது அவ்வூரின் அடையாளமாகத் திகழ்கின்றது.

அவர்தம் படைப்புகளுள் தலையாயது நெவிகஸ் என்னும் சிற்றூரில் உள்ள யாத்திரை ஆலயமாகும். போட்டிக்கு வந்த மாதிரிகளுள் போமின் மாதிரியை, கண்பார்வை மங்கியிருந்த கொலோன் பேராயர் ஃபிரிங்ஸ் கைகளால் தடவிப் பார்த்தே விரும்பினார் என்பர். 1968இல் திறக்கப்பட்ட அவ்வாலயத்தின் கூரை, மலைமுகடுகள் போல மடிப்பு மடிப்பாய் உயர்ந்து நிற்கும் கான்கிரீட்டால் ஆனது. யாத்திரிகர் படியேறி வரும் வழியில் பாவிய தளமே ஆலயத்தினுள்ளும் தொடர்கின்றது. உள்ளே தெருவிளக்கு போன்ற விளக்குகள் நிற்கின்றன. தெருவில் நடந்தவன் தெருவிலிருந்து பிரியாமலே இறைவன் முன் நிற்கின்றான். ரோசாமலர் வண்ணக் கண்ணாடிகளைப் போமே வரைந்தார்.

குறைகளும் இல்லாமல் இல்லை. கூரையில் மழைநீர் கசிந்தது. பல்லாண்டுக்குப் பின், இழைகள் பொதிந்த புதுவகைக் கான்கிரீட் பூச்சால் அது செப்பனிடப்பட்டது; அப்பணியில் மகன் பீட்டர் போம் ஈடுபட்டார். 1986இல் கட்டடக் கலையின் மிக உயர்ந்த விருதாகிய பிரிட்ஸ்கர் பரிசு போமை அடைந்தது. அதனைப் பெற்ற முதல் செர்மானியர் அவரே.

தேவாலயக் குடும்பத்தின் பள்ளிவாசல்

நமக்குத் தனி மகிழ்வூட்டும் செய்தி ஒன்றுண்டு. கொலோனின் ஏரன்ஃபெல்ட் பகுதியில், பெரும்பாலும் துருக்கியிலிருந்து உழைக்க வந்து குடியமர்ந்த முசுலிம்களின் மத்தியப் பள்ளிவாசலை வடிவமைத்தவர், இத்தேவாலயக் குடும்பத்தின் மைந்தர் பால் போம் ஆவார். 2006இல் நடந்த போட்டியில் அவர் வென்றார். பள்ளிவாசல் கூடாதென்று சிலர் தெருவில் இறங்கினர். கட்டும் காலத்தில் நிர்வாகத்துக்கும் கலைஞருக்குமே பிணக்கு நேர்ந்தது. எனினும் 2018இல் முறைப்படி அது திறக்கப்பட்டது.

அதன் குவிமாடம் மூடிய கிண்ணமன்று. மொட்டவிழ்வது போல் விரியும் கான்கிரீட் ஓடுகளால் ஆனது. ஓடுகளினிடையே உள்ள கண்ணாடி வழியே ஒளி உள்ளே வருகின்றது. ஏறத்தாழ 55 மீட்டர் உயர மினாராக்கள் இரண்டு நிற்கின்றன. தெருவிலிருந்து அகன்ற படிகள் ஒரு முற்றத்திற்கு ஏறிச் செல்கின்றன; தொழ வருவோர் மட்டுமன்றி எவரும் அங்கே வரலாம். நெவிகஸில் தந்தை தெருவை ஆலயத்தோடு இணைத்தார். கொலோனில் மகன் நகரைப் பள்ளிவாசலோடு இணைத்தார்.

அப்பள்ளியைக் கண்ட பின்னரே, 2021ஆம் ஆண்டு சூன் 9ஆம் நாள், கோட்ஃபிரீட் போம் மறைந்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கான பாங்கொலி அப்பள்ளியிலிருந்து முதன்முறையாக ஒலிபெருக்கி வழியே வெளியே கேட்டது.

நிறைவாக

பழமையைப் பேணுதலும் புதுமையை ஏற்றலும் ஒன்றுக்கொன்று பகை என எண்ணுவோர் உளர். இடிந்த சுவரைக் கண்டு வெட்கப்படாமலும், அதன்மீது போலிப் பூச்சுப் பூசாமலும், அதன் தோளில் கைபோட்டு நிற்கும் புதுச்சுவரைக் கட்டிக்காட்டினார் போம். கல்லுக்குப் பொருந்தும் இம்முறை சமுதாயங்களுக்கும் பொருந்தும். பிளவுண்ட இடங்களில் எதை அகற்றுவது என்று கேட்குமுன், எதை இணைக்கலாம் என்று கேட்கும் உள்ளம் நம் மாணவச் செல்வங்களுக்கு வாய்க்க வேண்டும்.