திரைப்படம், தொலைக்காட்சி படிக்க அனுப்பலாமா? ஒரு வாப்பாவின் கேள்வி

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு வாப்பா என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். அவருடைய மகள் கலைப்பிரிவில் உயர்தரம் எழுதி நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் திரைப்பட, தொலைக்காட்சிக் கற்கையை முதலாவதாகப் போடப்போகிறாளாம்.

"சேர், இது என்ன படிப்பு? படத்துல நடிக்கப் போறதா? நீங்க சொன்னா அவ கேப்பா. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

எடுத்துச் சொல்லுங்க என்றால் தடுத்துவிடுங்க என்று அர்த்தம். அந்த வேலையை நான் ஏற்கனவே ஒரு முறை செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவன், தான் தொலைபேசியில் எடுத்த ஐந்து நிமிடப் படத்தைக் கொண்டுவந்து காட்டினான். கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களைப் பற்றியது. பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு மகன், ஆனா இதெல்லாம் சோறு போடாது" என்றேன். அவன் இப்போது கல்யாண வீடுகளில் வீடியோ எடுக்கிறான். குறை சொல்ல முடியாத தொழில்தான். அண்மையில் சந்தித்தபோது, "சேர், எனக்கு எடுக்கத் தெரியும். ஏன் அப்படி எடுக்கணும் எண்டு யாரும் சொல்லித் தரல்ல" என்றான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

நான் பட்டதாரி அல்ல. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று வந்தவன். ஆனாலும் அந்த வாப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது நடிப்புப் படிப்பு அல்ல. திரைப்படத்தின் வரலாறு, கதை எழுதுவது, கமெராவும் ஒளியும், ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, ஆவணப்படம், தொலைக்காட்சி நிகழ்ச்சித் தயாரிப்பு, விமர்சனம் என்பவைதான் இப்படிப்பின் பெரும்பகுதி. கமெராவுக்கு முன்னால் நிற்பதைவிட அதற்குப் பின்னால் இருந்து சிந்திப்பதுதான் இங்கே கற்பிக்கப்படுகிறது.

இந்தத் துறையில் எல்லா மாணவர்களும் ஆரம்பத்திலேயே கேள்விப்படும் ஒரு பரிசோதனை இருக்கிறது. சுமார் நூறு வருடங்களுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற ஆசிரியர் செய்தது. ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை எடுத்துக்கொண்டார். அந்த முகத்தைக் காட்டி, அடுத்து ஒரு கோப்பை சூப்பைக் காட்டினார். பிறகு அதே முகத்துக்கு அடுத்து ஒரு சவப்பெட்டியைக் காட்டினார். பார்த்தவர்கள் முதலாவதில் பசியையும் இரண்டாவதில் துக்கத்தையும் கண்டார்களாம். முகம் மாறவேயில்லை. அடுத்து எந்தப் படம் வருகிறது என்பதுதான் முகத்துக்கு அர்த்தம் கொடுத்தது.

இதை வாசித்தபோது எனக்கு 2019 தான் ஞாபகம் வந்தது. ஏப்ரல் 21 க்குப் பின்வந்த வாரங்களில் தொலைக்காட்சிச் செய்திகளுக்கு முன்னால் நாம் எப்படி உட்கார்ந்திருந்தோம் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தேடுதலில் எடுத்த சமையலறைக் கத்தி ஒரு காட்சி. அதற்கு அடுத்து குண்டு வெடித்த தேவாலயம் ஒரு காட்சி. பின்னணியில் ஒரு பயங்கரமான இசை. கத்தி பொய்யல்ல, தேவாலயமும் பொய்யல்ல. இரண்டையும் ஒட்டிய இடத்தில்தான் பொய் இருந்தது. நாம் வீட்டுக்குள் இருந்து கோபப்பட்டோம், அறிக்கை விட்டோம். அந்த ஒட்டு எந்த இடத்தில் எப்படிப் போடப்பட்டது என்று விரல் வைத்துக் காட்டக்கூடியவர்கள் நமக்குள் எத்தனை பேர் இருந்தார்கள்?

மறுபக்கமும் உண்டு. 2020 டிசம்பரில் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, மற்றவர்களும் கட்டினார்கள். நீண்ட கட்டுரைகள் சொல்ல முடியாததை அந்தத் துணியின் படம் சொன்னது. அடுத்த வருடம் மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அந்த மண்ணில் பிள்ளைகளை விட்டுவந்த உம்மாமார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் கமெராவை எப்படி வைப்பது, எப்போது நிறுத்துவது என்பதையும் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் வயதுக்காரர்கள் டெக் வாடகைக்கு எடுத்து 'த மெசேஜ்' படத்தைப் பார்த்தவர்கள். 1976 இல் வெளிவந்த அந்தப் படத்தை எடுத்த முஸ்தபா அக்காத் சிரியாவின் அலெப்போவில் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் போய் கலிபோர்னியாவில் இரண்டு பல்கலைக்கழகங்களில் படித்தார். புறப்பட்டபோது வாப்பா கையில் கொடுத்தது இருநூறு டொலரும் ஒரு குர்ஆன் பிரதியும்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். நபி (ஸல்) அவர்களைக் காட்டாமல், குரலைக்கூடக் கேட்கவிடாமல் முழுப் படத்தையும் நடத்திச் செல்வதற்குத் தொழிலை ஆழமாகப் படித்த ஒருவர் தேவைப்பட்டார். ஆங்கிலத்துக்கு வேறாக, அரபுக்கு வேறாக நடிகர்களை வைத்து ஒரே களத்தில் இரண்டு தடவை எடுத்தார். அந்தப் படத்தைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. இசை, உருவம் பற்றிய கேள்விகளில் நான் தீர்ப்புச் சொல்ல ஆளில்லை, உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் வீட்டில் தொலைக்காட்சி காலை முதல் இரவு வரை ஓடிக்கொண்டிருக்க, அதைச் செய்யும் படிப்பு மட்டும் கூடாது என்பது எனக்கு விளங்கவில்லை.

இனி நடைமுறை. களனிப் பல்கலைக்கழகத்தில் திரைப்பட, தொலைக்காட்சிக் கற்கை இருக்கிறது. இதற்கு இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். பிள்ளைகள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அந்தப் பரீட்சைக்கான அறிவித்தலைத் தேடிப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். மொழி மூலம் எது என்பதையும் அந்தந்த வருடக் கைந்நூலில் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் படிக்க விரும்பினால், அருகிலிருக்கும் துறைகள் இருக்கின்றன: மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும், கட்புலக் கலையும்; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை; திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல்.

சிங்களத்தில் படிப்பது பாரம் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு விடயம். தமிழ்ப் படமான 'பொன்மணி'யை 1977 இல் இயக்கிய தர்மசேன பத்திராஜ சிங்களவர். யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில்தான் அந்தப் படம் அவர் கையில் வந்தது. அடுத்தவர் மொழிக்குள் போய் வேலை செய்தவர் அவர். எங்கள் பிள்ளைகளில் பலர் சந்தையிலேயே மூன்று மொழி கேட்டு வளர்கிறவர்கள்.

தொழில் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. வைத்தியர் போல நிச்சயமான நியமனம் இதில் இல்லை. நம் நாட்டில் தமிழ்த் தொலைக்காட்சிச் சந்தை சிறியது. வீடுகளில் தமிழ்நாட்டு அலைவரிசைகள்தான் ஓடுகின்றன. படத்தொகுப்பு, விளம்பரம், ஆவணப்படம், தொண்டு நிறுவனங்களின் காணொளி என்று துண்டு துண்டாகத்தான் ஆரம்பத்தில் உழைப்பு வரும். உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடமாக இருப்பதால் ஆசிரியத் தொழிலுக்கு வரும் வழியும் உண்டு, ஆனால் அதை நம்பி மட்டும் போக வேண்டாம். பெண்பிள்ளைக்கு விடுதி, இரவு வரை நீளும் படப்பிடிப்பு பற்றிய வாப்பாவின் பயமும் நியாயமானது. அதற்குத் துறைத் தலைவரிடம் நேரில் போய்க் கேட்டறிவதுதான் பதில். தாதியர் பயிற்சிக்கு அனுப்பும்போது இரவு வேலையைப் பற்றி விசாரித்துவிட்டு அனுப்புகிறோம்தானே?

அந்த வாப்பாவிடம், மகளைத் தடுக்க என்னால் முடியாது என்று சொன்னேன். அவர் முகம் வாடியது. பிறகு, "அப்ப நீங்களே வீட்ட வந்து உம்மாக்கும் சொல்லுங்க சேர்" என்றார். வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு போகிறேன், கைந்நூலையும் எடுத்துக்கொண்டு. கல்யாண வீடியோ எடுக்கும் என் மாணவனும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறான்.