இடுகுறியும் காரணக்குறியும்: நாட்டுக்குறியீடுகளும் வாய்வீச்சு அரசியலும்

முன்னுரை

பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்துக்காண்பது தமிழ் இலக்கண மரபு. இப்பகுப்பு இக்காலக் குறியீடுகளுக்கும் பொருந்தும். சென்னையின் மேற்குப் புறநகரில் பூவிருந்தவல்லி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கு உரிய குறியீடு ‘டி.என். 12’, அம்பத்தூருக்கு உரியது ‘டி.என். 13’. இவற்றுள் எழுத்துகள் மாநிலப் பெயரின் சுருக்கமாதலின் காரணக்குறி, எண்கள் இடுகுறி. 13 என்னும் எண்ணுக்கும் அம்பத்தூருக்கும் இயல்பான தொடர்பு ஏதும் இல்லை. அருகிலுள்ள ஆவடியின் பெயரை, படைக்கலக் கிடங்கைச் சுட்டும் ஆங்கிலத் தொடரொன்றின் முதலெழுத்துக் கூட்டாக விரித்துரைக்கும் வழக்கும் மக்களிடையே உண்டு. குறிக்குக் காரணம் கற்பிக்கும் இவ்விழைவு பொதுவானது, தன்னளவில் தீங்கற்றது. அதனை அரசியல் கையிலெடுக்கும்போது நேர்வது யாது என்பதை, இலங்கையின் ‘ஸ்ரீ’ எழுத்துச் சிக்கலைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

‘ஸ்ரீ’ பெற்ற பொருள்

சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்குவதாக முழங்கி 1956இல் ஆட்சியைப் பிடித்தவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா. அவ்வாண்டே ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. அதன் தொடர்ச்சியாக, ஊர்திப் பலகைகளில் அதுவரை இருந்த ரோம எழுத்துகளுக்கு மாற்றாகச் சிங்கள ‘ஸ்ரீ’ புகுத்தப்பட்டது. அக்காலத்தில் ‘ஸ்ரீ’ நாட்டின் அலுவற்பெயரின் சுருக்கமன்று. ‘சிறீலங்கா’ என்னும் பெயர் 1972இல்தான் ஏற்கப்பட்டது. சொல்லளவில் அது தமிழர்க்கு அயலானதுமன்று. ‘திரு’ எனப் பொருள்படும் அவ்வடசொல்லைக் கிரந்த எழுத்தில் எழுதும் வழக்கம் தமிழில் நெடுங்காலமாக உள்ளது. ஆகவே, எதிர்ப்பு சொல்லின் பொருளை நோக்கியதன்று. அது எழுதப்பட்ட எழுத்தை நோக்கியது. அனைவர் ஊர்தியிலும் ஒரு மொழியின் வரிவடிவத்தையே பொறிக்கச் செய்ததனால், அவ்வெழுத்து மேலாண்மையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

1957 சூலை 26இல் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் சா.ஜே.வே. செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதனை எதிர்த்து ஜே.ஆர். ஜெயவர்த்தனா அவ்வாண்டு அக்டோபரில் கண்டியை நோக்கி நடைப்பயணம் தொடங்கினார். 1958 மார்ச்சில், புதிதாக நாட்டுடைமையாக்கப்பட்ட பேருந்துகள் சிங்கள ‘ஸ்ரீ’யுடன் வடபகுதிக்கு அனுப்பப்பட்டன. தமிழ்த் தொண்டர்கள் அவ்வெழுத்தைத் தார்பூசி அழித்துத் தமிழ் எழுத்தை வரைந்தனர். தென்பகுதியில் பெயர்ப்பலகைகளிலிருந்த தமிழ் எழுத்துகள் தார்பூசப்பெற்றன. ஏப்பிரல் 9இல் பிக்குகள் பிரதமர் இல்லத்தின்முன் அமர்ந்து போராட, அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே இறுதியில் மூண்ட இனவன்முறையில் பலர் உயிரிழந்தனர், ஆயிரக்கணக்கானோர் ஏதிலிகளாயினர்.

இந்நிகழ்ச்சி வரிசையில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, ஒப்பந்தம் தொட்ட பொருள்கள் வட்டார அதிகாரமும் மொழியுரிமையும் ஆகும். அவை விளக்கத்தை வேண்டுவன. எழுத்தோ கண்ணுக்குப் புலப்படுவது, ஒரு தூரிகையால் அழிக்கத்தக்கது. வாய்வீச்சு அரசியல் அரிய வினாவை விடுத்து எளிய குறியைப் பற்றுவதன் காரணம் இதுவே. மற்றொன்று, முழக்கத்தால் உயர்ந்தவரே அம்முழக்கத்திற்குக் கட்டுப்பட்டுத் தம் கையொப்பத்தைக் காக்க இயலாதவரானார்.

எதிர்ச்சான்றும் ஒப்புமையும்

பன்னாட்டுப் போக்குவரத்தில் இலங்கை ஊர்திகளுக்கு உரிய நாட்டுக்குறி ‘சி.எல்.’ என்பதாகும். இது ‘சிலோன்’ என்னும் காலனியக் காலப் பெயரின் சுருக்கம். நாட்டின் பெயர் மாறியபின்னும் அக்குறி மாறவில்லை. இணையத்தில் வழங்கும் ‘எல்.கே.’ என்பதோ ‘லங்கா’ என்பதனைத் தழுவியது. ஒரு நாட்டிற்கு இரு பெயர்களின் சுருக்கங்கள் உடன்வழங்கியும் அதன்பொருட்டு 1958இல் கண்டதைப் போன்ற கிளர்ச்சி எழவில்லை. காலனியச் சுவடு தாங்கிய குறி அமைதியாக நிலைக்க, மங்கலப் பொருளுடைய குறி கலகத்திற்கு இடமானது. குறியின் அரசியற்பொருள் சொற்பிறப்பால் அமைவதன்று. அதனைப் புகுத்தும் அதிகாரத்தாலும் மேடைப்பேச்சாலும் அமைவது என்பது இதனாற் பெறப்படும்.

தெலங்கானாவிலும் இதன் மென்வடிவத்தைக் காணலாம். தனிமாநிலப் போராட்டத்தின்போது பலர் தம் ஊர்திகளில் ‘டி.ஜி.’ என எழுதினர். 2014இல் அரசு ‘டி.எஸ்.’ என்பதனை ஏற்றது; ஆட்சி மாற்றத்தின்பின் 2024இல் அது ‘டி.ஜி.’ ஆயிற்று. முந்தைய குறி அன்றைய ஆளுங்கட்சியின் பெயரை ஒத்துள்ளது என்பது மாற்றத்திற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஈண்டும் குறிக்குக் காரணம் கற்பிக்கப்பட்டது. ஆயின் மாற்றம் அரசாணையின்வழி நிகழ்ந்தது.

முடிவுரை

நாட்டுக்குறியீடும் பதிவெண்ணும் அடையாளங்காணுதல் என்னும் பயன் கருதி அமைக்கப்பெறுவன. அவற்றுக்கு இனப்பொருள் ஏற்றுவது இடுகுறியைக் காரணக்குறியாகத் திரிப்பதாகும். எனினும், அத்திரிபின் பொறுப்பு எதிர்ப்போரை மட்டும் சார்ந்ததன்று. ஒருமொழியின் எழுத்தை அனைவர்க்கும் விதித்த அரசே அதன் தொடக்கம். அம்பத்தூரின் 13 எவரையும் புண்படுத்தாமைக்குக் காரணம், அதில் எவருடைய வெற்றியும் எவருடைய தோல்வியும் பொறிக்கப்படாமையே எனலாம்.