இல்லத்தில் கம்பியின்றி அச்சிடும் முறை

ஓலைச் சுவடியிலே எழுத்தாணி கொண்டு எழுதிக் கற்ற தமிழ் மக்களின் கையிலே, 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தொட்டு அச்சு நூல் புகுந்தது. அதன்பின் நெடுங்காலம் அச்சென்பது நகரத்து அச்சகங்களுக்கே உரிய வித்தையாய் இருந்தது. பரீட்சை நெருங்கும் காலத்தில் மெழுகுத்தாளிலே வினாக்களை வெட்டி, 'ரோணியோ' இயந்திரத்தின் பிடியைச் சுழற்றி, கையெல்லாம் மையாக வினாத்தாள் எடுத்த ஆசிரியர்களைப் பழைய மாணவர் பலரும் மறந்திரார். இன்று அத்தகைய வினாத்தாள் ஆசிரியரின் கைத்தொலைபேசியிலிருந்து மாணவர் வீட்டுக் கைத்தொலைபேசிக்கு நொடிப்பொழுதிலே வந்து சேருகின்றது. ஆயினும், அங்கிருந்து அது கடதாசிக்கு இறங்கும் வழி பலருக்கும் விளங்காதிருக்கின்றது. அவ்வழியை மாணவரும் பெற்றோரும் அறியும் வண்ணம் இவ்விழா மலரிலே எளிமையாய் எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

கடதாசி எதற்கு?

கையிலே தொலைபேசி இருக்கக் கடதாசி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொள்ளை நோய் காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் தொலைபேசி வழியே பிள்ளைகளை நாடிச் சென்றன. பாடசாலைகள் திறந்த பின்னும், பயிற்சித் தாள்களை வட்ஸ்அப் வழியாக அனுப்பும் வழக்கம் நிலைத்துவிட்டது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களைத் தனது இணையத்தளத்திலே தமிழிலும் வைத்திருக்கின்றது. கடந்தகால வினாத்தாள்களும் இணையத்திலே கிடைக்கின்றன. இவை பெரும் பேறே. ஆனால், நம் தோட்டப் பகுதிகளில் ஒரு வீட்டுக்குப் பெரும்பாலும் ஒரு தொலைபேசியே உண்டு. தந்தை கொழும்புக்கு வேலைக்குச் சென்றால் அதுவும் உடன் செல்லும். தாய் கொழுந்தெடுக்கச் சென்றால் மலைக்குச் செல்லும். தொலைபேசி உடையவரோடு போய்விடுகின்றது. கடதாசியோ பிள்ளையோடு தங்குகின்றது. அதிலே அடிக்கோடிடலாம், விடை எழுதலாம், அண்ணன் படித்ததைத் தம்பிக்குக் கொடுக்கலாம். புலமைப்பரிசில் பரீட்சையோ க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையோ, இறுதியிலே கடதாசியில் எழுதப்படுவதே அன்றோ?

அக்கடதாசியைப் பெறுதற்குப் புசல்லாவைக்கோ நுவரெலியாவுக்கோ பஸ் ஏறிச் சென்று, நான்கு பக்கத்துக்காக அரைநாளைக் கழிப்போர் உளர். வீட்டிலோ அயலிலோ அச்சுப்பொறி இருந்தும், கணினி இல்லையென்றும் இணையம் கிடைக்கவில்லையென்றும் எண்ணி அதனைத் துணி போர்த்தி வைத்திருப்போரும் உளர். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுவே.

கம்பியில்லாத் தொடர்பு

1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பிலே வானொலி ஒலிபரப்புத் தொடங்கிற்று. கம்பியின்றி அலைகள் வழியே குரலை அனுப்பும் அவ்வித்தையே இன்று சிறுத்து வீட்டினுள் வந்து 'வைஃபை' என்னும் பெயர் பெற்றுள்ளது. வானொலி நிலையம் அனுப்ப மட்டும் செய்யும். வீட்டுப் பெட்டி கேட்க மட்டும் செய்யும். வைஃபையிலோ ஒவ்வொரு கருவியும் அனுப்பவும் கேட்கவும் வல்லது. கைத்தொலைபேசி, 'டெப்' என வழங்கும் பலகைக் கணினி, புதிய அச்சுப்பொறி ஆகிய மூன்றினுள்ளும் இத்தகைய சிறு வானொலி ஒன்று அமைந்திருக்கின்றது. இவற்றை இணைத்து வைக்கும் நடுவராக 'ரவுட்டர்' என்னும் கருவி வீட்டிலே நிற்கின்றது.

இவ்விடத்திலே வாசகர் ஊன்றி உணரவேண்டிய உண்மை ஒன்றுண்டு. வைஃபை வேறு, இணையம் வேறு. ரவுட்டர் இரு தொழில்கள் செய்கின்றது. வீட்டினுள் உள்ள கருவிகளை ஒன்றோடொன்று பேச வைப்பது முதலாவது. அவற்றை வெளியுலக இணையத்தோடு இணைப்பது இரண்டாவது. அச்சிடுதற்கு வேண்டுவது பொதுவாக முதலாவதே. தாள் தொலைபேசிக்கு வந்து சேர இணையம் வேண்டும், வந்து பதிவாகிய பின், அது அச்சுப்பொறிக்குச் செல்ல இணையம் வேண்டுவதில்லை, 'டேட்டா'வும் செலவாவதில்லை. மலை மறைவினால் அலை எட்டாத நம் பள்ளத்தாக்குகளில் வாழ்வோர்க்கு இவ்வுண்மை பெரிதும் பயன்தரும். அலை கிடைக்கும் மேட்டிலே நின்று தாளை இறக்கிப் பதிவு செய்துகொண்டு, வீடு வந்து அச்சிடலாம்.

ரவுட்டரே இல்லாத வீட்டினர் செய்வது யாது? பெரும்பாலான புதிய அச்சுப்பொறிகளில் 'வைஃபை டிரெக்ட்' என்னும் வசதி உண்டு. அதனை இயக்கினால் அச்சுப்பொறி தானே ஒரு சிறு வைஃபை வலையை விரிக்கும். தொலைபேசியின் வைஃபைப் பட்டியலில் 'டிரெக்ட்' என்ற சொல்லோடு தொடங்கும் ஒரு பெயர் தோன்றும். அதனைத் தெரிந்து, அச்சுப்பொறி காட்டும் கடவுச்சொல்லை இட்டால் இணைப்பு ஏற்படும். 'இவ்வலையில் இணையம் இல்லை' என்று தொலைபேசி எச்சரித்தால் அஞ்சவேண்டா. இணைப்பைத் தொடர்க என்று கட்டளையிட்டு அச்சிடலாம்.

பொதுமொழி

இருவர் ஒரே அறையில் இருந்தால் மட்டும் போதாது. இருவர்க்கும் பொதுவான மொழியும் வேண்டும். முன்னாளிலே ஒவ்வோர் அச்சுப்பொறியும் தனக்கென ஒரு மொழி பேசிற்று. அதனைக் கணினிக்கு மொழிபெயர்த்துரைக்கத் தனித்தனி இயக்கி மென்பொருள் வேண்டியிருந்தது. இத்தொல்லை நீங்க வழிசெய்த இணைய அச்சு நெறிமுறை 1999ஆம் ஆண்டு வெளியாயிற்று. அப்பிள் நிறுவனம் 2010ஆம் ஆண்டு நவம்பரில் அந்நெறியைத் தழுவி 'எயார்பிரின்ட்' என்னும் முறையை ஐபோனுக்கும் ஐபாட்டுக்கும் அளித்தது. 2013ஆம் ஆண்டு கெனன், எச்.பி., சாம்சுங், செரொக்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்கள் கூடி 'மொப்ரியா' என்னும் கூட்டமைப்பை நிறுவின. அவ்வாண்டிலேயே அன்ட்ரொயிட் தொலைபேசிகளிலும் அச்சிடும் வசதி அமைந்தது. எனவே அச்சுப்பொறி வாங்குவோர், பெட்டியின் மேல் 'எயார்பிரின்ட்', 'மொப்ரியா' என்னும் பெயர்கள் உளவோ என நோக்குதல் நன்று. இவையிரண்டும் இருப்பின் பெரும்பாலான தொலைபேசிகளோடு அது இணங்கி நடக்கும். இணையத் தொடர்பு இடையறாது இருந்தாலன்றி இயங்காத வகைகளும் சந்தையில் விற்கப்பட்டுள்ளன. நம் பகுதிக்கு அவை பொருந்தா, வாங்குமுன் கேட்டறிக.

கூகுள் நிறுவனத்தின் 'கிளவுட் பிரின்ட்' என்னும் சேவையைப் பழைய வழிகாட்டிகள் சில இன்றும் குறிப்பிடுகின்றன. அது 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் நாளோடு நிறுத்தப்பட்டது. அதனைத் தேடி அலையவேண்டா.

செய்முறை

முதலிலே அச்சுப்பொறியை வீட்டு வைஃபையோடு இணைத்தல் வேண்டும். பொறியின் திரையிலோ, அதனைச் செய்த நிறுவனத்தின் செயலியிலோ வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒருமுறை கொடுத்தால் போதும். செயலியை இறக்க இணையம் வேண்டுமாதலின், அலை கிடைக்குமிடத்தில் அதனை முன்னரே செய்துகொள்க. குறைந்த விலைப் பொறிகள் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் மட்டுமே இயங்குவன. ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸ் என்னும் வேறோர் அலையையும் வேறு பெயரில் தருமாயின், பொறியை முதலாவதோடு இணைக்கவேண்டும்.

அடுத்து, தொலைபேசியும் அதே வைஃபையிலே இருத்தல் வேண்டும். பொறி தோன்றவில்லை என்று வருந்துவோரில் பலரின் தொலைபேசி டேட்டாவிலோ, விருந்தினர்க்குரிய தனி வலையிலோ இருப்பதைக் காண்கின்றோம்.

பின்னர் தாளைத் திறக்க. ஐபோனில் பகிரும் குறியைத் தொட்டால் வரும் பட்டியலிலும், அன்ட்ரொயிட்டில் பெரும்பாலும் மூன்று புள்ளிக் குறியின் கீழும் 'பிரின்ட்' என்னும் கட்டளை இருக்கும். அதனைத் தொட்டதும் தொலைபேசி, 'இவ்வலையில் அச்சுப்பொறி உண்டோ' என வினவும். பொறி தன் பெயரைக் கூறி விடையிறுக்கும். அப்பெயரைத் தெரிந்து, பிரதிகளின் தொகையையும் பக்கங்களையும் குறித்து ஆணையிடுக. தாளின் அளவு ஏ4 ஆகுக. அது 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் நீளமும் உடையது. சில தொலைபேசிகளில் அமெரிக்க 'லெட்டர்' அளவு குறிக்கப்பட்டிருக்கும். அதன் நீளம் 279 மில்லிமீற்றரே. அளவு மாறினால் இறுதி வரிகள் அறுபடவும் கூடும்.

தமிழெழுத்துக் கெடாமை

தமிழாசிரியர் என்ற முறையில் ஒன்றை வற்புறுத்துதல் எமது கடன். நம் நாட்டிலே பல வினாத்தாள்கள் இன்றும் 'பாமினி' எழுத்துருவிலே தட்டச்சாகின்றன. அவ்வெழுத்துரு இல்லாத தொலைபேசியிலே அத்தாளைத் திறந்தால் 'அம்மா' என்னும் சொல் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாய்த் தோன்றும். அச்சிலும் அவ்வாறே வீழும். யுனிகோட் முறையிலே தட்டச்சிடுதல் இதற்கு நிலையான பரிகாரம். அஃது இயலாதவிடத்து, தாளைப் பி.டி.எப். வடிவாக மாற்றி அனுப்புக. எழுத்துருவைத் தன்னுள்ளே பொதிந்து செல்லவல்லது அவ்வடிவம். ஆதலின் எங்கே திறந்தாலும் எழுத்துச் சிதையாது.

தாளைப் புகைப்படமாக அனுப்புவோர், வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும் என்பதை அறிதல் வேண்டும். சுருங்கிய படத்திலே ணகரமும் னகரமும் வேறுபாடின்றி மங்கும். படமாக அனுப்பாது ஆவணமாக அனுப்பினால் தெளிவு குன்றாது.

மலைநாட்டுக்குரிய கவனங்கள்

இறம்பொடையின் மூடுபனி கடதாசிக்குப் பகை. ஈரம் உறிஞ்சிய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பொறியினுள் சிக்கும். உறையைத் திறந்தபின் மிகுதித் தாளை இறுகக் கட்டி உலர்ந்த இடத்தில் வைக்க. மை பீய்ச்சும் பொறியை வாரக்கணக்கிலே பயன்படுத்தாது விட்டால் மை உலர்ந்து துளை அடைபடும். வாரம் ஒரு பக்கமேனும் அச்சிடுதல் நன்று. லயங்களின் தடித்த கற்சுவரும் தகரமும் அலையைத் தடுக்கும். பொறியையும் ரவுட்டரையும் இயன்றவரை அருகருகே வைக்க.

கடதாசியின் அருமையை நாம் பட்டறிந்தவர்கள். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. ஆதலின் சிக்கனம் பேணுக. ஒரு புறத்தில் இரு பக்கமாக, இரு புறமும் அச்சிட்டால் நாற்பது பக்க நூலும் பத்துத் தாளிலே அடங்கும்.

காவல்

வெளியிடத்திலே அச்சிடுவோர் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் முதலியவற்றின் படிகளைப் பிறர் கணினியிலே விட்டு வருகின்றனர். வீட்டிலே அச்சிடின் அவ்வச்சம் இல்லை. எனினும் வீட்டு வலைக்கும் காவல் வேண்டும். 2018ஆம் ஆண்டின் இறுதியிலே ஒருவர், இணையத்திலே காவலின்றித் திறந்து கிடந்த அச்சுப்பொறிகளுள் நுழைந்து, ஒரு யூரியூப் காணொலியாளர்க்கு ஆதரவு வேண்டும் தாள்களை அச்சாக்கினார். ஏறத்தாழ 50,000 பொறிகள் என்பது அவர் கூற்று. ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுவதும், அதனைக் கண்டவர்க்கெல்லாம் கூறாதிருப்பதும் அறிவுடைமை.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

வீட்டுக்கு ஒரு பொறி என்பது நம் மக்களுக்கு இன்று இயலாது. ஆனால் வைஃபைப் பொறி ஒருவர்க்கே உரியதன்று. ஒரு வலையிலுள்ள தொலைபேசிகள் யாவும் முறைமுறையாக அதனைப் பயன்கொள்ளலாம். தோட்டத்து வாசிகசாலையிலோ, கோவில் மண்டபத்திலோ, பொறுப்புள்ள ஒருவர் இல்லத்திலோ ஒரு பொறியும் சில கட்டுக் கடதாசியும் இருப்பின், அயலிலுள்ள லயங்களின் பிள்ளைகள் அனைவரும் தந்தையின் தொலைபேசி வீட்டிலிருக்கும் மாலைப் பொழுதிலே தம் பாடங்களை அச்சிட்டு வைத்துக்கொள்வர். கணினி வேண்டுவதில்லை; இணையமும் எந்நேரமும் வேண்டுவதில்லை. கொழும்பிலும் கடல் கடந்தும் நல்ல நிலையில் வாழும் நம் பழைய மாணவர்கள் தத்தம் தோட்டத்துக்கு இவ்வுதவியைச் செய்யவும், உயர்வகுப்பு மாணவர்கள் இதனை இயக்கும் முறையைப் பெற்றோர்க்குக் கற்பிக்கவும் முன்வரல் வேண்டும். இப்பணியைப் பழைய மாணவர் சங்கம் தன் கடமைகளுள் ஒன்றாக ஏற்குமாயின், இவ்விழாவின் நினைவு பிள்ளைகளின் கையிலே கடதாசியாய் நின்று நிலவும்.