ஒரே கூரையின் கீழ் முகாமைத்துவமும் தொழில்நுட்பமும்

க.பொ.த. உயர்தர வகுப்பில் சேரும் மாணவன் ஒருவன் தனது பதினாறு, பதினேழாவது வயதிலேயே கலை, வர்த்தகம், விஞ்ஞானம், கணிதம், தொழில்நுட்பம் என்ற பிரிவுகளுள் ஒன்றினுள் நுழைந்து விடுகின்றான். அதன் பின்னர் பக்கத்து வகுப்பறையில் என்ன கற்பிக்கப்படுகின்றது என்பதை அறிய வேண்டிய தேவை அவனுக்கு ஏற்படுவதில்லை. பல்கலைக்கழகம் சென்றாலும் நிலைமை பெரிதாக மாறிவிடுவதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ பீடம் யாழ்ப்பாணத்தில் உள்ளது; தொழில்நுட்ப பீடமோ கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளது. தூரம் ஒரு தடைதான். எனினும், ஒரே வளாகத்தில் அருகருகே இருக்கும் பீடங்களுக்கிடையிலும் உறவு அரிதாகவே காணப்படுவதால், தூரத்தை மட்டும் குறை கூறுவதில் பயனில்லை.

பல்துறை இணைந்த ஆய்வும் கற்பித்தலும் நடைமுறையில் எவ்வாறு அமையும், எங்கே தடுமாறும் என்பதை விளங்கிக் கொள்வதற்கு, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தோன்றிய ஒரு முகாமைத்துவக் கல்லூரியின் வரலாறு பெரிதும் உதவும் எனக் கருதுகின்றோம்.

இரும்புத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அந்நகரில் கார்னகி தொழில்நுட்பக் கல்லூரி இயங்கி வந்தது. 1949 ஆம் ஆண்டில், எண்ணெய்த் தொழிலில் பெரும் செல்வம் ஈட்டிய வில்லியம் லரிமர் மெலன் வழங்கிய 6 மில்லியன் டொலர் நிதியைக் கொண்டு அங்கு கைத்தொழில் நிர்வாகப் பட்டப்பின் கல்லூரி நிறுவப்பட்டது. அக்காலத்து வணிகக் கல்லூரிகள் பல, வெற்றி பெற்ற வர்த்தகர்களின் அனுபவங்களை எடுத்துக் கூறும் இடங்களாகவே இருந்தன. 1959 இல் போர்ட் மன்றத்தின் ஆதரவில் வெளியான அறிக்கை ஒன்றும் அவற்றின் கல்வித் தரத்தைக் கடுமையாகச் சாடியிருந்தது. கார்னகியின் முதல் பீடாதிபதியான பொருளியலாளர் லீ பாக் வேறு வழியில் சென்றார். அரசியல் விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஹேர்பர்ட் சைமனையும், வில்லியம் கூப்பரையும், பொறியியலாளர்களையும், உளவியலாளர்களையும் அவர் ஓரிடத்தில் சேர்த்தார். மாணவர்களும் பெரும்பாலும் பொறியியல், விஞ்ஞானப் பட்டதாரிகளே.

ஆட்களை ஒரு கட்டடத்தில் அமர்த்தினால் மட்டும் ஒத்துழைப்பு உண்டாகி விடுமா? உண்டாகாது. அங்கு அவர்களைப் பிணைத்தது ஒரு பெயின்ற் தொழிற்சாலை என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

பிட்ஸ்பர்க் பிளேற் கிளாஸ் கம்பனியின் அத்தொழிற்சாலையில் எழுந்த கேள்வி மிகச் சாதாரணமானது. பெயின்றுக்கான கேள்வி மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகின்றது. அதற்கேற்ப ஆட்களைச் சேர்த்து நீக்குவதா, மேலதிக நேர வேலை வாங்குவதா, அல்லது களஞ்சியத்தில் இருப்பைக் கூட்டி வைப்பதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு செலவுண்டு. மின் பொறியியல் பயின்ற ஹோல்ட், பொருளியலாளர் மொடிக்லியானி, கைத்தொழில் பொறியியலில் இருந்து வந்த மூத், சைமன் ஆகிய நால்வரும் இதனை ஆராய்ந்தனர். கருவிகளைத் தாமாகவே சீராக்கிக் கொள்ளச் செய்யும் பொறியியல் முறையைப் பொறியியலாளர் அறிவார். செலவுகளை எவ்வாறு கணக்கிடுவது என்பதைப் பொருளியலாளர் அறிவார். முகாமையாளர் உண்மையில் எவ்வாறு தீர்மானம் எடுக்கின்றார் என்பதைச் சைமன் அறிவார். அடுத்த மாதம் எவ்வளவு உற்பத்தி செய்வது, எத்தனை பேரை வைத்திருப்பது என்பதை எளிய கூட்டல், பெருக்கலினால் கண்டறியக்கூடிய ஒரு சூத்திரம் அவர்களது உழைப்பின் பயனாகக் கிடைத்தது. 1960 இல் அது நூலாக வெளிவந்தது.

ஆனால் கதையின் சுவையான பகுதி அதற்குப் பின்னரே வருகின்றது. ஒரே ஆய்விலிருந்து மூத் ஒரு முடிவுக்கும் சைமன் அதற்கு நேரெதிரான முடிவுக்கும் சென்றனர். எதிர்காலம் பற்றி மக்கள் கொள்ளும் எதிர்பார்ப்புகள், கிடைக்கும் தகவல்களை முழுமையாகப் பயன்படுத்தியவையாகவே இருக்கும் என 1961 இல் மூத் எழுதினார். மனிதனின் கணிப்பாற்றல் வரையறைக்குட்பட்டது, ஆகவே அவன் மிகச் சிறந்ததைத் தேடாமல் போதுமானதைக் கண்டதும் நின்று விடுகின்றான் என்பது சைமனின் வாதம். மூத்தின் கருத்தை வளர்த்தெடுத்த ரொபேர்ட் லூக்காஸ், அதே கல்லூரியில் 1963 முதல் பணியாற்றியவர். சைமன் 1978 இலும் மொடிக்லியானி 1985 இலும் லூக்காஸ் 1995 இலும் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

கணினித்துறைக்கும் அக்கல்லூரிக்கும் உள்ள தொடர்பு எம்மவர் பலரும் அறியாதது. 1956 இல் வந்த ஐபிஎம் 650 கணினி, முகாமைத்துவக் கல்லூரிக் கட்டடத்தின் நிலவறையிலேயே வைக்கப்பட்டது. கணிதத் தேற்றங்களைத் தானே நிறுவும் நிரல் ஒன்றைச் சைமனும் அலன் நியூவெலும் கிளிஃப் ஷோவும் உருவாக்கியதும் அக்காலத்திலேதான். நியூவெலின் கலாநிதிப் பட்டம் கணினி விஞ்ஞானத்தில் பெறப்பட்டதன்று. கைத்தொழில் நிர்வாகத்தில் பெறப்பட்டது! நியூவெலும் சைமனும் 1975 இல் கணினித்துறையின் அதியுயர் விருதான டியூரிங் விருதைப் பெற்றனர். சைமனின் மாணவர் எட்வேர்ட் ஃபைகன்பாம் 1994 இல் அதே விருதைப் பெற்றார். கற்பித்தலிலும் கணினி புகுந்தது. 1950களின் இறுதியில், சலவைத்தூள் உற்பத்தி செய்யும் போட்டிக் கம்பனிகளை மாணவர் குழுக்கள் நடத்துவது போன்ற விளையாட்டொன்று பாடமாக்கப்பட்டது. சந்தைப்படுத்தல், நிதி, உற்பத்தி என்று தனித்தனியே கற்றவற்றை ஒரே நாளில் ஒன்றாகப் பயன்படுத்த வேண்டிய நிர்ப்பந்தம் மாணவர்களுக்கு ஏற்பட்டது.

இவ்வளவும் நிகழ்ந்தும் அந்தக் கூட்டு நிலைக்கவில்லை என்பதை மறைப்பது நேர்மையாகாது. லீ பாக் 1962 இல் பீடாதிபதிப் பதவியிலிருந்து விலகினார். நிறுவன நடத்தை ஆய்வில் பெயர்பெற்ற ஜேம்ஸ் மார்ச் வேறு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பொருளியலாளர்களின் கை ஓங்கிய நிலையில், சைமன் படிப்படியாக உளவியல், கணினி விஞ்ஞானத் திணைக்களங்களின் பக்கம் நகர்ந்தார். யாரும் யாரையும் வெளியேற்றவில்லை. ஒவ்வொரு துறையும் தனக்கென ஆய்விதழ்களையும் பதவி உயர்வுக்கான அளவுகோல்களையும் கொண்டிருந்தது. இளம் விரிவுரையாளர் தமது துறையினர் மதிக்கும் ஆய்வையே செய்ய விரும்புவார். எல்லைகளைத் தாண்டுவதற்கு ஊக்கமளிக்கும் தலைவர் இல்லாதபோது எல்லைகள் தாமாகவே மீண்டு விடுகின்றன. 2004 இல் டேவிட் டெப்பரின் 55 மில்லியன் டொலர் நன்கொடையுடன் கல்லூரி அவரது பெயரைப் பெற்றது. 2018 இல் வளாகத்தின் நடுவே புதிய கட்டடத் தொகுதி திறக்கப்பட்டபோது, ஏனைய துறையினரும் வந்து கலந்து பழகும் இடமாக அது அமைய வேண்டும் என்றே கூறப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் இயல்பாக இருந்ததைக் கட்டடத்தின் மூலம் மீட்க வேண்டியதாயிற்று.

எமது பல்கலைக்கழகங்களில் புதிய பட்டப் பெயர்களும் புரிந்துணர்வு உடன்படிக்கைகளும் குறைவில்லாமல் வருகின்றன. குறைவாக இருப்பது ஒரு பெயின்ற் தொழிற்சாலை. அதனைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயிலை மணல் அடைத்தது. அருகிலுள்ள கரையோரத்தைக் கடல் அரித்தது. மீனவர்களின் படகுகளும் கரையோர மக்களின் காணிகளும் ஒருசேரப் பாதிக்கப்பட்டன. மணல் நகர்வதைக் கணக்கிடப் பொறியியலாளரும், அகழ்வுச் செலவையும் வருமானத்தையும் ஒப்பிட முகாமைத்துவத்துறையினரும், மீனவரின் குறையைக் கேட்டறியச் சமூகவியலாளரும் ஒரே மேசையில் அமர வேண்டிய பிரச்சினை அது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்திருப்பதும் அதே ஒலுவிலில்தான்.