விடியற்காலையில் யார் மணி பார்ப்பது?

மதுரைப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் மொட்டு விரியுமுன், விடியலிலேயே பறித்தாக வேண்டும். ஒவ்வொரு மொட்டாகக் கிள்ளுகிற வேலை. சின்ன விரல்களுக்கு அது சுலபம் என்று நினைத்துவிடுகிறோம். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு அமர்த்துவதைப் பொதுவாகத் தடுத்துவிட்டு, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக 'உதவலாம்' என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் குடும்பத்தில் பெற்றோரும் உடன்பிறந்தோரும் மட்டுமில்லை, அத்தை, சித்தப்பா, மாமா, சித்தி எல்லாரும் அடக்கம். மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரை கூடாது, நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 2017-இல் விதிகள் வந்தன. மல்லிகை பறிக்கும் நேரமோ சரியாக அந்தத் தடை நேரத்துக்குள்தான் விழுகிறது. ஐந்து மணிக்குச் சொந்தத் தோட்டத்துக்குள் எந்த ஆய்வாளர் வந்து மணி பார்ப்பார்?

குழந்தைக்குத் தனிப் பாதுகாப்பு ஏன் என்பதற்கு இங்கேதான் விடை இருக்கிறது. முதலாளி கொடுமைப்படுத்தினால் பெரியவர் வேலையை உதறலாம், சங்கத்தில் சேரலாம், வழக்குப் போடலாம். அப்பாவிடம் 'முடியாது' என்று ஒன்பது வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும்? அதற்கு ஓட்டும் இல்லை. பாசத்தோடு வாங்கப்படும் உழைப்பு என்பதால் பிள்ளையின் தூக்கமும் படிப்பும் திரும்பி வந்துவிடாது.

தொழில் கற்க வேண்டாமா என்பார்கள். கற்கட்டும், ஆனால் பிள்ளை வராவிட்டால் அன்றைய பூ சந்தைக்குப் போகாது என்ற நிலை வந்துவிட்டால் அது கல்வியில்லை, வேலை. வறுமை என்ற வாதம் கனமானது, தட்டிக்கழிக்கக் கூடாதது. அதற்குப் பதிலைத் தமிழ்நாடு நெடுநாள் முன்பே சொல்லிவிட்டது: காமராஜர் பள்ளியிலேயே சோறு போட்டார். 1996-இல் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றமும், மீட்கப்படும் குழந்தைக்கு ஈடாக அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு வேலை தரச் சொன்னது. வீட்டுக்குள் சட்டம் நுழையலாமா என்பவர்கள் குழந்தை மணத்தைத் தடுத்த 1929-இன் சாரதா சட்டத்தை நினைத்துப் பார்க்கட்டும். அதுவும் குடும்ப விவகாரம் என்றுதான் அன்று வாதாடினார்கள்.

குடும்பத் தொழில் விலக்கை நாடாளுமன்றம் நீக்க வேண்டும். அதுவரை, பள்ளி செல்ல வேண்டிய பிள்ளை வேலையில் நிற்பதைப் பார்த்தால் 1098-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது.